உலு துறையில் இறங்குகிறவருக்கு

மனாடோவிலிருந்து வரும் இரவுக் கப்பல்
விடியுமுன்னே உங்களைத் துப்பிவிடும்.
முதலில் தெரிவது தீவு அல்ல,
அந்தரத்தில் தொங்கும் ஒரு சிவப்புக் கீறல்.
யாரோ வானத்தில் ஏறி நின்று சிகரெட் பிடிப்பதாக
சென்ற மாதம் வந்த வங்கித் தணிக்கையாளர் நினைத்தாராம்.
நிதானம். மலை அதற்குக் கீழே இருக்கிறது.
வெளிச்சம் வந்தபின் மீதியைக் காட்டும்.

மூன்று பேர் உங்கள் பையை இழுப்பார்கள்.
நீலத் தலைக்கவசம் போட்ட நோல்டியிடம் கொடுங்கள்.
அவன் பைக்கில் பிரேக் பாதிதான் பிடிக்கும்,
ஆனால் எந்த வளைவில் எந்த நாய் படுத்திருக்கும் என்பது
அவனுக்குத் தெரியும்.
வழியில் ஒரு பாலம் வரும். ஆறு வராது.
ஆறு இருந்த இடத்தில் வீட்டுயரப் பாறைகள்.
அங்கே மட்டும் அவன் பேச்சை நிறுத்திவிட்டு
ஆக்சிலேட்டரை முறுக்குவான்.
ஏனென்று கேட்க வேண்டாம்.

தெருவோரப் பாயில் சிவப்பாகக் காய்வது சாதிபத்திரி.
சுற்றிப் போங்கள்.
ஒரு மிதியில் ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடை போய்விடும்.

என் விடுதியில் நான்கு அறைகள்.
குழாய்த் தண்ணீர் சாம்பல் நாளில் கலங்கும்;
பல் விளக்க ஆகும், தேநீருக்கு ஆகாது.
தகரக் கூரையில் நள்ளிரவில்
அரிசி கொட்டுவதுபோல் சத்தம் கேட்டால்
மழையென்று ஜன்னலைத் திறக்காதீர்கள்.
திறந்த ஒரு ஜெர்மன்காரர்
கறுத்த மூக்கோடு காலை உணவுக்கு வந்தார்,
முட்டை இரண்டு கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

செருப்பை வாசலில் விடுங்கள்,
நுனி தெருவைப் பார்த்தபடி.
ஓடும்போது திருப்ப நேரமிருக்காது.
ஓட வேண்டி வராது என்றுதான் நினைக்கிறேன்.
ஒருதரம் கிறிஸ்துமஸுக்கு முன் ஓடினோம்,
தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி நடுவே.
ஆண்குரல்கள் ஒரு வரி முந்தியே
வெளியேறிவிட்டன.

நெருப்பில்லாமல் புகையாது என்பது ஊர் வழக்கு.
எங்களுக்குப் புகையில்லாத நாள்தான் கவலை.
அன்று சந்தையில் மீன் விலை பேசுகிறவர்கள்கூட
ஒரு கண்ணை மேலே வைத்துக்கொண்டே பேசுவார்கள்.

மூன்றாம் நாள் கேட்பீர்கள்.
மிளகாய் நாக்குக்குப் பழகியதும்
எல்லாரும் கேட்கிறார்கள்:
"வெல்மின்செ, இங்கே ஏன் இருக்கிறீர்கள்?"
கண்காணிப்பு நிலையத்துப் பையனிடம்
மண்வளத்தைப் பற்றிச் சொன்னேன்.
புதுப் பாதிரியாரிடம் கர்த்தரின் சித்தம் என்றேன்.
இரண்டும் பொய்யில்லை.
ஆனால் என் அக்கா இருக்கிறாளே,
பயந்து மனாடோவுக்குக் குடிபோனவள்,
மாடிவீடு, வாசலில் தார்ச்சாலை;
பேருந்து மோதி இடுப்பு ஒடிந்து
ஏழு மாதம் படுக்கையில் கிடந்தாள்.
மலையாவது முதலில் செருமும்.
பேருந்து செருமுமா?

நெருப்பைப் பார்க்கத்தானே வந்தீர்கள்.
முக்காலியில் காமிராவை நிறுத்தி,
கொசுக்களுக்குப் படியளந்து,
இரண்டு மணிவரை உட்காருவீர்கள்.
முதல் இரவு மேகம். மறுநாள் மேகம்.
மூன்றாம் இரவு, வெறுத்துப்போய்,
கொல்லைக் குழாயடியில் பல் விளக்கும்போது
எதற்கோ தலையைத் தூக்குவீர்கள்.
அப்போது மேகம் விலகியிருக்கும்.
இரண்டு வாய்களில் ஒன்று மெல்லத் திறந்து
சரிவில் சிவப்பாக ஏதோ உருளும்;
சத்தம் பிறகு வரும்,
பக்கத்து வீட்டில் பீரோவை நகர்த்துவதுபோல.
காமிரா அறைக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.
வாய் நிறைய நுரை.
துப்புவதா விழுங்குவதா தெரியாமல்
நின்றுவிடுவீர்கள்.

அந்த நேரம்
சமையலறை விளக்கை நான் அணைப்பேன்.
உங்களுக்காக என்று நன்றி சொல்லாதீர்கள்.
ஐம்பத்திரண்டு வருடமாகியும்
எனக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.